75 வாட்டுக்குள் ஒரு வரலாறு

பள்ளிமுனை எண்டால் வெளியில உள்ளவைக்கு உதைபந்தும் பெருக்கமரமும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு இன்னொண்டும் வரும்: முன்னறை மூலையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பழைய கணினி. எங்கேயோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட கறுப்புப் பெட்டி. உள்ளே 2011 காலத்து இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ5. அதில ஜிடிஏ 5 ஓடவேணும் எண்டு பெடியள் கிராபிக்ஸ் கார்ட் தேடுகிறார்கள். தேடும்போது எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை ஜிபி?" எண்டதுதான். முதலில் கேட்க வேண்டியது "எத்தனை வாட்?" என்பது எங்கள் கட்சி. இதற்குப் பின்னால் கிட்டத்தட்ட முப்பது வருட வரலாறு இருக்கு.

1996 இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ வந்தபோது அது முப்பரிமாணப் படத்தை மட்டும்தான் வரையும். சாதாரணத் திரைக்கு வேறொரு கார்ட் வேணும். இரண்டையும் ஒரு வயரால் இணைக்க வேணும். அடுத்த வருடமே ஏஜிபி என்ற தனிச் சொருகி வந்தது. ஆனால் முதலில் வந்த ஏஜிபி 3.3 வோல்ட், பிறகு வந்தது 1.5 வோல்ட். ஒன்றுக்கென்று செய்த கார்ட் மற்றதில் ஏறாமல் இருக்க வெட்டின இடத்தையே மாற்றி வைத்தார்கள். கார்ட் மாற்றப் போனால் மதர்போர்டும் மாற்ற வேண்டிய காலம் அது.

கரண்ட் பிரச்சினையும் அப்பவே தொடங்கியாச்சு. 2000 ஆம் ஆண்டின் வூடூ5 5500 கார்டுக்குச் சொருகி தரும் மின்சாரம் போதவில்லை. பவர் சப்ளையில் இருந்து தனி வயர் கேட்டது. அதற்கு அண்ணன்மாதிரி 6000 என்று ஒன்று செய்தார்கள். அதை வெளியே உள்ள சுவர் பிளக்கில் தனியாகக் குத்த வேணும்! அது கடைக்கு வரமுதலே 3டிஎஃப்எக்ஸ் படுத்துவிட்டது. அதன் சொத்துக்களை என்விடியா வாங்கியது.

எங்கட பெட்டிகளுக்கு உயிர் கொடுத்த நிகழ்வு ஒரு கார்ட் இல்லை, ஒரு சொருகி. 2003 இல் வரையறுத்த பிசிஐ எக்ஸ்பிரஸ். பதிப்பு 1, 2, 3, 4 என்று வேகம் ஏறினாலும் வடிவம் மாறவில்லை. இதனால்தான் 2019 இல் வந்த கார்ட் 2011 மதர்போர்டில் ஏறுகிறது. விளம்பரத்தில் ஒருத்தரும் புகழாத விசயம், ஆனால் காசில்லாத ஆட்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எந்தக் கம்பனியும் செய்யவில்லை எண்டுதான் சொல்லுவோம். அந்தச் சொருகி ஒரு கார்டுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச மின்சாரம் 75 வாட். அதற்கு மேலே போனால் பவர் சப்ளையில் இருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் வேணும். அலுவலகச் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளையே 240 வாட் அளவுதான்; அந்த வயர் பெரும்பாலும் இராது. பவர் சப்ளையை மாற்றலாம் எண்டால் அதன் வடிவமும் பிளக்கும் அந்தக் கம்பனிக்கே உரியவை.

ஆகவே 75 வாட்டுக்குள் அடங்கின கார்டுகளே எங்கட வரலாற்றின் கதாநாயகர்கள். 2014 பெப்ரவரியில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வாட். 2016 இல் 1050 டிஐ, 75 வாட். 2019 இல் 1650, அதுவும் 75 வாட், அறிமுக விலை 149 டொலர். (1650 இல் தனி வயர் கேட்கிற பதிப்புகளும் இருக்கு, பெட்டியின் படத்தை வடிவாப் பார்க்கவேணும்.)

அந்த 149 டொலரைக் கையில் வைத்துக்கொண்டு 2022 க்குள் வாருங்கள். மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். கார்டின் விலை 29,800. மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டது. அதே கார்ட் 53,640. வரியும் கப்பல் கூலியும் கடைக்காரரின் லாபமும் இதற்குள் இல்லை. பெறுமதி சேர் வரியும் அதே வருடம் 8 வீதத்தில் இருந்து 12, பிறகு 15 என்று ஏறியது. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. கார்ட் இருந்தாலும் கரண்ட் இல்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 க்குப் போனது. வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிற வீட்டில், மகன் கிராபிக்ஸ் கார்ட் எண்டு வாய் திறப்பானா?

இதே வேளையில் உலகம் வேறொரு கூத்தில் இருந்தது. 2020 கடைசியில் இருந்து ஈதர் என்ற கிரிப்டோ காசை உருவாக்குவதற்காகக் கார்டுகளை அள்ளி வாங்கினார்கள். விளையாடுறவைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2021 இல் என்விடியா ஐந்து வருடப் பழைய 1050 டிஐ ஐத் திரும்பவும் சந்தைக்கு விட்டது. ஈதர் தோண்டுவதற்குத் தேவையான தரவுத் தொகுதி அதற்குள் 4 ஜிபியைத் தாண்டிவிட்டது; 4 ஜிபி கார்டால் அதைத் தோண்ட ஏலாது. குறைந்த ஜிபி காப்பாற்றின ஒரே சந்தர்ப்பம் அதுவாத்தான் இருக்கும்.

2022 செப்டெம்பர் 15 இல் ஈதேரியம் தன் முறையை மாற்றியது. ஒரே நாளில் அந்தக் கார்டுகளுக்கு வேலை போனது. இரவு பகலாக ஓடின ஆர்எக்ஸ் 580 போன்றவை பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. 8 ஜிபி, மலிவு. பொறி இங்கதான் இருக்கு: அது 185 வாட். 8 பின் இல்லாத பெட்டியில் சாட்டா வயரில் இருந்து மாற்றிக் கொடுக்கும் சின்ன இணைப்பான் ஒன்றும் விற்கிறார்கள். ஒரு சாட்டா இணைப்பான் 12 வோல்டில் தாங்கக்கூடியது 54 வாட். மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள். பிளாஸ்ரிக் உருகுகிற மணம் வீடு முழுக்கப் போகும்.

வாட் குறைவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் வாங்க ஏலாது. 2022 இல் வந்த ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். ஆனால் அது சொருகியின் 16 பாதைகளில் நாலை மட்டும்தான் பாவிக்கும். பதிப்பு 4 மதர்போர்டில் அது பிரச்சினை இல்லை. எங்கட பதிப்பு 2 பெட்டியில் அந்த நாலு பாதையின் வேகம் காற்பங்காகிவிடும். பழைய பெட்டிக்குப் பழைய கார்ட் பொருந்துவதற்கு இப்படியும் காரணம் உண்டு. கடற்கரை வீட்டுக்கு இன்னொன்று: சோளகக் காற்றோடு வருகிற உப்பு கார்டின் அலுமினியத் தகடுகளையும் பின்களையும் அரிக்கும். பழைய கார்ட் வாங்கினால் விசிறியைச் சுழற்றிப் பார்க்கிறதோட நிக்காமல், பின்களில் பச்சை பிடித்திருக்கா எண்டும் பாருங்கோ.

இப்ப அந்தக் கதாநாயகர்களுக்கும் முடிவு அறிவித்தாயிற்று. 750 டிஐ, 1050 டிஐ இரண்டுக்கும் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 ஒக்டோபரோடு நிற்கிறது. அதன் பிறகு 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். அதே ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 இரண்டாம் தலைமுறை ஐ5 ஐ ஏற்பதில்லை. 1650 க்கு இன்னும் டிரைவர் வருகிறது. 2024 இல் 70 வாட்டில் ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி பதிப்பும் வந்தது. கார்டைப் பொறுத்தவரை 75 வாட் கதை இன்னும் ஓடுது. இந்தமுறை முதலில் நிற்கப்போவது பெட்டிதான். ஆகவே இப்ப பழைய பெட்டிக்குக் கார்ட் எடுக்கிறவை, நாளைக்கு வேறு பெட்டிக்குக் கழற்றிக் கொண்டுபோகக் கூடியதாப் பார்த்து எடுக்கவேணும். தகட்டின் உயரம் இரண்டு விதமும் கார்டோட வருகுதா எண்டு கடையிலேயே கேளுங்கோ.