இளஞ்சிவப்புப் பாம்பும் வடநெம்மேலிப் பானையும்

வெள்ளிமலையிலும் கல்வராயன் அடிவாரத்திலும் காடு கழனியில் பாடுபடுகிறவர்களுக்குச் சாரைப்பாம்பு புதிதல்ல. தானியம் குவிந்தால் எலி வரும். எலி பெருத்தால் சாரை வரும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அதே வேலையைச் செய்வது கார்ன் ஸ்நேக் என்னும் சோளப்பாம்பு. இரண்டும் கொலுப்ரிடே என்ற ஒரே குடும்பம். இரண்டாலும் மனிதருக்கு ஆபத்தில்லை. 1766இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டிய சோளப்பாம்பு மூன்றிலிருந்து ஐந்தடி வரை வளரும். செம்மஞ்சள் உடலில், கறுப்பு ஓரம் கட்டிய சிவப்புத் திட்டுகள் வரிசையாக ஓடும். சாரை இன்னும் வயலில்தான் இருக்கிறது. சோளப்பாம்போ கண்ணாடிப் பெட்டிக்குள் போய், நிறம் மாறி, சென்னை விமான நிலையம் வரை வந்துவிட்டது.

அந்தக் கதை 1953இல் தொடங்குகிறது. வட கரோலினாவில் கறுப்பு நிறமியே இல்லாத ஒரு ஆண் பாம்பு பிடிபட்டது. கறுப்பு போனதும் சிவப்பும் மஞ்சளும் மட்டும் மிஞ்சின; கண்ணும் சிவந்திருந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெலும் அவர் மனைவி எலிசபெத்தும் இந்தக் குறை எப்படித் தலைமுறை தாண்டி வருகிறது என்று பாம்புகளை இனப்பெருக்கம் செய்து பார்த்தார்கள். முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறம். அந்தக் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தபோது, தாத்தாவின் நிறம் மறுபடி தலைகாட்டியது. 1962இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதி பாம்புக்கும் பொருந்தும் என்று காட்டியது.

ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. வியாபாரம் கூடவே வளர்ந்தது. சிவப்பு நிறமி இல்லாத பாம்புகளும் காட்டில் கிடைத்திருந்தன. அவற்றைக் கறுப்பில்லாத பாம்புகளோடு சேர்த்தால் இரண்டாம் தலைமுறையில் சராசரியாகப் பதினாறில் ஒரு குட்டிக்கு இரண்டு நிறமியும் இருக்காது. வளர்ப்பவர்கள் இதை 'ஸ்னோ' என்பார்கள். முட்டையைக் கிழித்துத் தலை நீட்டும்போதே அதன் உடல் ஏறக்குறைய கண்ணாடி மாதிரி வெளிறி, உள்ளே ஓடும் ரத்தத்தின் இளஞ்சிவப்பு தோலில் தெரியும். வளர வளர வெண்மை கூடி, கழுத்தோரம் மஞ்சள் படியும். சில வம்சங்களில் இளஞ்சிவப்பு கடைசிவரை தங்கும். அப்படிப்பட்ட குட்டிகளுக்கு மவுசு அதிகம். ஒரு சோளப்பாம்பு பருவத்துக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டு ஆகும். முட்டை பொரிய இன்னும் இரண்டு மாதம். ஆகவே ஒரு நிறத்தை உருவாக்கப் பல ஆண்டுப் பொறுமை வேண்டும். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கறுப்பு மறைவதற்குக் காரணம் ஓசிஏ2 என்ற மரபணுவில் நேர்ந்த பழுது என்று கண்டுபிடித்தார்கள். மனிதரில் அல்பினிசத்தை உண்டாக்கும் மரபணுக்களில் அதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் பாம்பைக் கையாண்ட வரலாறு வேறு. அது பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களின் வரலாறு. ஒரு காலத்தில் பாம்புத் தோல் ஏற்றுமதிச் சரக்கு. கைப்பை, செருப்பு, இடுப்பு வார் செய்வதற்காகச் சாரையும் நாகமும் ஏராளமாகக் கொல்லப்பட்டன. பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். லாபம் பார்த்தவர்கள் வியாபாரிகள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. பாம்பு பிழைத்தது, இருளர் வயிறு காய்ந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே அது இயங்குகிறது.

அங்கே பாம்பு வாழும் இடம் மண்பானை. அடியில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டுமே அனுமதி. வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். நான்கு முறை எடுத்தபின் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு உடனே மறுபடி கிடைத்தால் அதை எடுக்க மாட்டார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து போயிருக்கிறது. பாம்பை வைத்திருப்பதற்கு இதைவிட நேர்மையான முறை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

செல்லப் பாம்பு வியாபாரத்தின் மறுபக்கத்தையும் இருளர்களே பார்த்தார்கள். சோளப்பாம்பின் சொந்த மண்ணான புளோரிடாவில், வளர்ப்புக்காக இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகள் வெளியேறிச் சதுப்புக் காட்டில் பெருகி, முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்தன. 2017 ஜனவரியில் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அவற்றைப் பிடிக்க அங்கே அழைக்கப்பட்டார்கள். தடம் பார்த்து, புதர் விலக்கி, முதல் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று பதினாறடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பைகளைச் சுங்கத்துறையினர் திறந்தார்கள். 45 பால் பைத்தான், மூன்று மார்மோசெட் குரங்கு, மூன்று நட்சத்திர ஆமை, எட்டு சோளப்பாம்பு. எல்லாம் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்பட்டன. பையில் அடைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவரும் உயிருக்குத் தண்ணீரும் இல்லை, காற்றும் சரியாக இல்லை. ஆசைக்கு வாங்குகிறவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாரையை வீட்டில் வைத்தால் சட்டம் பாயும். சோளப்பாம்பு அயல்நாட்டு உயிர் என்பதால் கேள்வி இல்லை என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். 2020 ஜூனில் மத்திய அரசு அயல் உயிரினங்களைத் தாமாக முன்வந்து பதிவு செய்யச் சொன்னது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான். சோளப்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உயிருள்ள விலங்கை உரிமமும் நோய்ப் பரிசோதனையும் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். வளர்ப்பில் சோளப்பாம்பு பதினைந்து இருபது ஆண்டு வாழும். சலித்துப்போனால் விட்டுவிட இங்கே அதற்குக் காடும் கிடையாது. இளஞ்சிவப்புக் குட்டியை யாராவது விலை சொன்னால், அது எந்த வழியாக வந்தது என்பதற்கான காகிதத்தைக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் வாங்காதீர்கள்.