இசைத்தட்டில் பாடபேதம்

ஒரே பாட்டு இரண்டு தட்டுகளில் இரண்டு விதமாக இருக்கிறது என்று சொன்னால், நண்பர்களில் பலர் அதை ரசிகர்களின் பொழுதுபோக்குப் பிரச்னையாகத் தள்ளிவிடுகிறார்கள். சுவடிக்குச் சுவடி ஒரு சொல் மாறினால் இரவெல்லாம் வாதிடுகிறவர்கள்தாம் இவர்கள். கவிதைக்குப் பிரதி உண்டு, பாப் பாட்டுக்குக் கிடையாது என்பது இவர்களின் சொல்லாத முடிவு போலும்.

1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிஷத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீள்தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றில் ஏழு அங்குலத் தட்டை எதிரே நிறுத்தியது. சிறியது ஜூக்பாக்ஸுக்கும் வானொலிக்கும் போயிற்று. பெரியது வீட்டுக் கூடத்துக்கு. வானொலியின் ஒற்றை ஸ்பீக்கரில் குரலும் டிரம்மும் முட்டிக்கொண்டு முன்னே வரவேண்டும். கூடத்து ஸ்டீரியோவில் அவை இடமும் வலமுமாகப் பிரிந்து உட்காரலாம். நாடாவில் தனித்தனித் தடங்களில் கிடக்கும் ஒலிகளில் எது அருகில், எது தூரத்தில், எது கேட்கவே வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் மிக்ஸிங். பாடி முடித்த பிறகு நடக்கிற இன்னொரு எழுத்து அது.

அறுபதுகளின் பிற்பாதியில் ஆல்பம் ‘படைப்பு’ ஆயிற்று, சிங்கிள் சந்தைச் சரக்காயிற்று. நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடித்தமான பிரிவினை, அதனாலேயே சந்தேகத்துக்குரியது. ‘லைட் மை ஃபயர்’ (1967) இதற்குச் சாதகமான சாட்சிதான். டோர்ஸின் ஆல்பத்தில் ஏழு நிமிஷம் ஓடுகிற பாட்டு, ஆர்கனும் கிட்டாரும் மாறிமாறிச் செய்யும் தனி ஆலாபனைகளை இழந்து, மூன்று நிமிஷத்துக்குள் சிங்கிளாக அடங்கியது. இது வெட்டு, வேறு பெயர் வேண்டாம்.

ஆனால் அதே வருஷத்து ‘சார்ஜென்ட் பெப்பர்’? ஆல்பம் யுகத்தின் வேதம் என்று கொண்டாடப்பட்டது. பீட்டில்ஸ் உடனிருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோ மிக்ஸ் அவர்கள் இல்லாமல் சில நாட்களில் முடிந்த காரியம். ‘ஷி’ஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமும் சுருதியும் கூடி ஒலிக்கிறது. ஸ்டீரியோவில் இறங்கி, துக்கம் சற்று அதிகப்படியாகிவிடுகிறது. மோனோ வடிவம் குறுந்தகட்டில் வர 2009 ஆயிற்று. ‘மூலம்’ என்று நம்மில் பெரும்பாலோர் மயங்கியது அவர்கள் தொடாத பிரதியைத்தான்.

‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ இன்னும் விசித்திரம். 1964இல் சைமனும் கார்ஃபங்கலும் அதை வெறும் கிட்டாருடன் பாடி வெளியிட்ட ஆல்பம் விற்கவில்லை. 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன், அவர்களைக் கேட்காமலே, அந்தப் பதிவின்மேல் மின்கிட்டாரும் டிரம்மும் ஏற்றினார். சைமன் அப்போது ஐரோப்பாவில். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. ஆசிரியன் அறியாமல் எழுதப்பட்ட இடைச்செருகல்தான் உலகம் அறிந்த பாட்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது ‘ரெவல்யூஷன்’. இங்கே மிக்ஸ் மட்டுமல்ல, பதிவே வேறு. 1968 மே 30: பாரிஸ் கொந்தளித்துக்கொண்டிருக்க, டிகால் வானொலியில் பேசி நாடாளுமன்றத்தைக் கலைத்த நாள். அதே நாளில் லண்டனில் லென்னன் இந்தப் பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கினார். மந்தமான நடை. ஒரு பதிவு பத்து நிமிஷத்துக்கு மேல் நீண்டது. அதன் வாலிலிருந்துதான் ‘ரெவல்யூஷன் 9’ பிறந்தது. அழிவை நாடுகிறவர்கள் தம்மைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பாடும் இடத்தில், அடுத்த மூச்சிலேயே அதற்கு எதிர்ச்சொல்லையும் போட்டார். இதையே சிங்கிளாக்க விரும்பினார். வேகம் போதாது என்றார்கள் மக்கார்ட்னியும் ஹாரிசனும். ஜூலையில் மறுபடி பதிவு. கிட்டார்களை நேரே கன்சோலில் சொருகி, அது தாங்காமல் கிழிகிற ஓசை. இதில் எதிர்ச்சொல் இல்லை, மறுப்பு மட்டும்.

வெளியீட்டில் வரிசை தலைகீழானது. செக்கோஸ்லோவாகியாவுக்குள் டாங்கிகள் நுழைந்த ஆகஸ்டில், ‘ஹே ஜூட்’டின் பின்பக்கமாகச் சிங்கிள் முதலில் வந்தது. லண்டனின் இடதுசாரிப் பத்திரிகை ‘பிளாக் ட்வார்ஃப்’ அக்டோபரில் லென்னனுக்குத் திறந்த மடல் எழுதியது. 1969 தொடக்கத்தில் அவரும் சூடாகப் பதில் சொன்னார். நடுவில், நவம்பரில், ஆல்பம். கண்டனத்துக்குப் பின் லென்னன் இறங்கி வருகிறார் என்று எண்ண இடமிருந்தது. உண்மையில் தடுமாற்றம் முந்தியது, உறுதி பிந்தியது. அந்த உறுதியும் எவ்வளவு நாள்? செப்டம்பரில் தொலைக்காட்சிப் படத்துக்காகச் சிங்கிளின் வாத்திய இசைமீதே பாடியபோது எதிர்ச்சொல் திரும்பிவிட்டது.

இன்னொன்று. ஐயமுள்ள பிரதி சாவகாசமாக நடக்கிறது. கலகத்தை மறுக்கிற பிரதிதான் கலகம்போல் ஒலிக்கிறது. சொல்லை வைத்துத் தீர்ப்பெழுதியவர்கள் கிட்டாரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

‘லெட் இட் பி’யைப் பலரும் பேசிவிட்டார்கள். 1969 ஜனவரி 31இன் அதே அடிப்படைப் பதிவு. 1970 மார்ச்சில் வந்த சிங்கிளில் அடக்கமான கிட்டார். மே மாத ஆல்பத்தில் ஃபில் ஸ்பெக்டரின் கைவண்ணம், வேறொரு முரட்டுக் கிட்டார், முன்னே தள்ளப்பட்ட பித்தளை வாத்தியங்கள். எனக்குச் சிங்கிள்தான் பாட்டு.

பிரதி அழிந்துபோவதும் உண்டு. ‘லவ் மி டூ’வில் 1962 செப்டம்பர் 4 அன்று டிரம் வாசித்தவர் ரிங்கோ. ஒரு வாரத்தில் மறுபதிவு. டிரம்முக்கு ஆண்டி ஒயிட் என்ற கூலி வாத்தியக்காரர், ரிங்கோ கையில் டாம்பரின். அக்டோபரில் வந்த முதல் தட்டு ரிங்கோவுடையது. 1963 ஆல்பத்திலும் பின்வந்த சிங்கிள்களிலும் ஒயிட். டாம்பரின் கேட்டால் பிந்தியது, கேட்காவிட்டால் முந்தியது, அடையாளம் அவ்வளவுதான். முதல் பதிவின் நாடாவை யாரும் பாதுகாக்கவில்லை. 1988இல் ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ தொகுப்புக்கு அது வேண்டியிருந்தபோது, பழைய ஏழு அங்குலத் தட்டு ஒன்றை ஓடவிட்டுத்தான் நகலெடுத்தார்கள்.