தோட்டாவும் நம்பிக்கையும்

நம் பேச்சில் வழங்கும் படைக்கருவிப் பெயர்களுள் பல, வேற்று மொழிகளிலிருந்து வந்து தமிழாகிவிட்டவை. 'துப்பாக்கி' துருக்கியச் சொல் ஒன்றின் வழிவந்தது என்பர் அகராதி தொகுத்தோர். 'பீரங்கி'யின் பின்னே நிற்பது ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி'. அரபியர் வாயில் அது 'இஃப்ரன்ஜ்'. 'தோட்டா' இந்துஸ்தானி தந்த சொல். இச்சிறு பொருளாகிய தோட்டாவின் வரலாற்றையே ஈண்டு நாம் எடுத்துக்கொள்கிறோம். விரலளவே உள்ள ஒரு பொருள், அதைச் செய்தவர்க்கும் பயன்படுத்தியவர்க்கும் இடையே நம்பிக்கை அறுந்தபோது, ஒரு பேரரசையே உலுக்கியது எவ்வாறு என்பதை அறிந்துகொள்ளுதல் நமக்குப் பயன் தரும்.

வெடிமருந்துக்கு அரபியில் 'பாரூத்' என்று பெயர். தொடக்கத்தில் அச்சொல் வெடியுப்பை மட்டுமே குறித்தது. ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்து, ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) டமாஸ்கஸில் மறைந்த மருந்தியல் அறிஞர் இப்னுல் பைத்தார், இவ்வுப்புக்குச் 'சீனத்துப் பனி' என்னும் பெயரும் வழங்கியதைத் தம் நூலில் குறித்துள்ளார். அந்நூற்றாண்டின் இறுதியில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அர்-ரம்மாஹ், வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையையும், மருந்துக் கலவைகள் பலவற்றையும் ஏட்டில் பதிவு செய்தார். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பழைய வெடிமருந்து. தூய்மை குறைந்தால் மருந்து புகைந்து அவிந்துவிடும். அளவு மிகுந்தால் குழல் வெடித்துக் கையாள்வோனையே கொல்லும். ஆதலின் தூய்மையும் அளவுமே இக்கலையின் உயிர்.

முற்காலப் போர்வீரன் மருந்தைக் கொம்பிலும், ஈயக் குண்டைப் பையிலும் தனித்தனியே கொண்டு சென்றான். போர்க்களத்தின் பரபரப்பில் அளப்பது எளிதன்று. ஆகவே ஒருமுறை சுடுவதற்கான மருந்தையும் குண்டையும் முன்கூட்டியே அளந்து, காகிதத்தில் சுருட்டி வைக்கும் வழக்கம் தோன்றியது. வீரன் அச்சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கோலால் இடித்து இறக்குவான். நிதானத்தில் அளந்ததை அவசரத்தில் பயன்படுத்தும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் இதனால் ஒரு மாறுதலும் நேர்ந்தது. அளப்பவர் ஒருவர், வாயில் வைப்பவர் மற்றொருவர் என்று ஆயிற்று.

1853ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வகுத்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வரிகளால் குண்டு சுழன்று நெடுந்தொலைவு நேராகச் சென்றது. ஆயின் இறுக்கமான குழலில் குண்டு தடையின்றி இறங்கவும், மருந்துக் கசடு குழலை அடைக்காதிருக்கவும், தோட்டாவின் குண்டுள்ள பகுதியில் மசகு பூசவேண்டியிருந்தது. கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த மசகு அது. எந்த விலங்கின் கொழுப்பு? இக்கேள்வியை ஆயுதச்சாலையில் எவரும் உரிய வேளையில் எழுப்பவில்லை.

கேள்வியை எழுப்பியவர் ஓர் எளிய கூலித் தொழிலாளி. 1857 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையில், உயர்சாதிச் சிப்பாய் ஒருவரிடம் அவர் குடிக்க நீர் கேட்டார். சாதி கெடும் என்று சிப்பாய் மறுக்கவே, பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உமக்குச் சாதி ஏது என்னும் கருத்துப்பட அவர் கேட்டதாக, அங்கிருந்த ஆங்கில அதிகாரியே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். செய்தி படைமுகாம்கள்தோறும் பரவிற்று. பசு இந்துக்களுக்குப் புனிதம். பன்றி நமக்கு ஹராம். இரு சமயத்தாரின் வாயையும் ஒரே தோட்டா அச்சுறுத்தியது.

அரசு வாளாவிருந்துவிடவில்லை. அம்மாத இறுதியிலேயே, மசகில்லாத தோட்டாக்களை வழங்கி, சிப்பாய்களே தமக்கு ஒப்பான மெழுகையோ எண்ணெயையோ பூசிக்கொள்ளலாம் என்று ஆணையிட்டது. பின்னர், பல்லால் கடிப்பதற்கு மாறாகக் கையால் கிழிக்கவும் இசைவளித்தது. ஆயினும், மசகில் ஆட்சேபத்துக்குரிய கொழுப்புச் சேராதிருக்கத் தனி முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டுவிட்டது. ஐயம் மசகை விட்டுக் காகிதத்தைப் பற்றியது. பளபளக்கும் அக்காகிதத்திலும் கொழுப்பு உண்டென்று பேசலாயினர். பிப்ரவரி 26இல் பெர்ஹாம்பூரின் 19ஆம் படைப்பிரிவு பொருள்களை ஏற்க மறுத்தது. மார்ச் 31இல் அது கலைக்கப்பட்டது.

ஏப்ரல் 24இல் மீரட் நகரில் 3ஆம் குதிரைப்படையின் 90 வீரர்முன் தோட்டாக்கள் நீட்டப்பட்டன. 85 பேர் தொட மறுத்தனர். அவர்களுள் 49 பேர் முஸ்லிம்கள், 36 பேர் இந்துக்கள். இந்தியப் படை அதிகாரிகளைக் கொண்ட இராணுவ நீதிமன்றமே அவர்களுக்குக் கடுங்காவல் விதித்தது. மே 9இல், படை முழுதும் காண அவர்கள் கால்களில் விலங்கு பூட்டினர். மறுநாள் மாலை மீரட் எழுந்தது. அதற்கு மறுநாள் வீரர்கள் தில்லியில் பகதூர் ஷாவின் வாயிலில் நின்றனர். அது ஹிஜ்ரி 1273இன் ரமலான் மாதம்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். அன்று மீரட்டில் நீட்டப்பட்டவை புதிய தோட்டாக்கள் அல்ல. நெடுநாளாய் அவர்கள் பயன்படுத்திவந்த பழைய வகையே. கடிக்கவேண்டா, கையால் கிழிக்கலாம் என்று காட்டுவதற்கே அவர்களை அணிவகுக்கச் செய்தனர். அங்ஙனமாயின் சிப்பாய்கள் வதந்திக்கு இரையாயினரா? ஒரு செய்தி வந்தால் அதனைத் தெளிந்துகொண்டே செயற்படுக என்பது நம் மார்க்கத்தின் கட்டளை. வெறும் ஐயத்தால் ஒரு பொருள் ஹராமாகிவிடாது என்றும் ஃபிக்ஹு பாடத்தில் மாணவர்க்கு நாம் விளக்குகிறோம். ஐயத்துக்குரியதை விட்டு விலகும் பேணுதலையும் அதே பாடத்தில் போற்றுகிறோம்.

தெளிந்துகொள்ளும் வழி யாரிடம் இருந்தது என்பதே இங்குத் தீர்வு சொல்லும். சிப்பாய் ஆயுதச்சாலைக்குள் சென்று கொப்பரையைப் பார்க்க இயலாது. பார்க்க இயன்றவர்கள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று தெரிந்தபின் சொன்ன உறுதிமொழி எடுபடவில்லை. அவத் இணைப்பு, கடல்கடந்து பணியாற்றவேண்டும் என்ற 1856ஆம் ஆண்டுச் சட்டம், படிக்குறைப்பு என்று மனக்குறைகள் முன்னரே குவிந்திருந்தன; தோட்டா அவற்றுக்குப் பொறியாயிற்று. நம் தமிழகத்து வேலூரில் 1806 ஜூலை 10இல் நிகழ்ந்ததும் இதுபோன்றதே. தோல் பதித்த தலைப்பாகையும், தாடியையும் சமயக் குறிகளையும் தடுத்த ஆணைகளும் அன்று கிளர்ச்சியை மூட்டின. ஐம்பத்தோராண்டு கழிந்தும் ஆட்சியாளர் அப்பாடத்தைக் கற்கவில்லை.

கடிக்கும் தோட்டாவின் காலமும் நெடிது நீடிக்கவில்லை. 1866இல் ஆங்கிலப் படை, என்ஃபீல்டைப் பின்புறமாக நிரப்பும் ஸ்னைடர் துப்பாக்கியாக மாற்றியது. அதற்கு எட்வர்டு பாக்ஸர் என்னும் அதிகாரி உலோகத் தோட்டாவை அமைத்துத் தந்தார். காகிதமும் கடியும் ஒழிந்தன. எதன்பொருட்டு எண்ணற்றோர் மாண்டனரோ, அந்த முறையே ஒன்பது ஆண்டுகளில் வேண்டாததாயிற்று!

உலோகத் தோட்டாவால் மற்றொரு பழக்கமும் பிறந்தது. சுட்டபின்னும் பித்தளைக் கூடு எஞ்சுவதால் அதனை மீண்டும் நிரப்பலாம். அமெரிக்காவில் காட்டெருமை வேட்டையாடியோர் 1870களில் அதற்கான கருவிகளைத் தம்முடன் கொண்டு திரிந்தனர். இன்றும் அந்நாட்டில் கைத்துப்பாக்கி பயில்வோர் பலர் வீட்டிலேயே தோட்டாக்களை நிரப்பிக்கொள்கின்றனர். புதிதாகக் கற்போர்க்கு அங்கு மூத்தோர் கூறும் அறிவுரைகள் கவனிக்கத்தக்கவை. மேசைமேல் ஒரே வகை மருந்துதான் இருக்கவேண்டும். அச்சிட்ட அளவைப் பட்டியலைக் கடக்கலாகாது. குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டினுள்ளும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும், ஒன்றில் இருமுறை மருந்து விழுந்திருந்தால் துப்பாக்கியே சிதறும். வேலையின்போது பேச்சுக் கூடாது. தான் அறியாதவர் நிரப்பியதைச் சுடலாகாது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம் என்பதையும் இளைஞர்கள் நினைவிற்கொள்க.

தான் அறியாதவர் நிரப்பியதைச் சுடலாகாது என்னும் அவ்வறிவுரையில் 1857இன் வரலாறு முழுதும் அடங்கியிருக்கக் காண்கிறோம். தன் கையால் அளந்தவனுக்கு உள்ளே இருப்பது தெரியும். பிறர் அளந்ததைப் பெறுபவனுக்கோ, அளந்தவரின் நேர்மையன்றி வேறு பற்றுக்கோடு இல்லை. உணவாயினும் மருந்தாயினும், பிறர் வாயில் வைக்கும் பொருளைச் செய்வோர் ஓர் அமானிதத்தைச் சுமக்கின்றனர். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஓர் ஏழைத் தொழிலாளி கேட்டாலும், உண்மையான விடையை ஆயத்தமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. அன்று டம்டமில் அவ்விடை இல்லாதுபோயிற்று.