சுரங்க ரயிலுக்கு மேலே நம் வரலாறு: மும்பையின் 27 நிறுத்தங்கள்

மும்பையின் முதல் சுரங்க ரயில் பாதை 2025 அக்டோபரில் முழுதாகத் திறக்கப்பட்டது. அரசு வைத்த பெயர் மெட்ரோ மூன்றாம் தடம். மொத்த நீளம் 33.5 கிலோமீட்டர். 27 நிலையங்களில் 26 மண்ணுக்கு அடியில் இருக்கின்றன. வடக்கே ஆரேயில் தொடங்கி, 2024 அக்டோபரில் பாந்த்ரா–குர்லா வளாகம் வரையும், 2025 மே மாதம் வொர்லியின் ஆச்சார்ய அத்ரே சௌக் வரையும், பிறகு தெற்கு முனையான கஃப் பரேட் வரையும் மூன்று தவணைகளாகத் திறந்தார்கள். 23,136 கோடி ரூபாய் என்று சொல்லித் தொடங்கிய திட்டம் 37,276 கோடியில் வந்து நின்றது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் கொடுத்தது.

இந்த விவரங்களை எந்த நாளிதழும் சொல்லும். நாம் பார்க்கப்போவது வேறு. ஒரு ரயில் பாதையின் வரைபடம் என்பது அந்த நகரம் யாரை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதன் பட்டியலும்தான். இந்தப் பட்டியலில் சித்திவிநாயக் இருக்கிறார், சீதலாதேவி இருக்கிறார், மகாலட்சுமியும் கால்பாதேவியும் இருக்கிறார்கள். கடைசி இரண்டும் ஏற்கெனவே வட்டாரப் பெயர்களாகிவிட்டவை என்று சொல்வார்கள். சரி, இருக்கட்டும். மும்பை சென்ட்ரல் நிலையத்துக்கு ஜகன்னாத் சங்கர்சேட்டின் பெயர். 1853இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் ரயிலை விட்ட நிறுவனத்தின் தொடக்ககால இந்திய இயக்குநர்களில் ஒருவர் அவர். அதே நிறுவனத்துக்காகப் போர் கணவாயில் மலையைக் குடைந்து, காலராவிலும் வெடியிலும் ஆயிரக்கணக்கில் செத்த கூலிகளின் பெயரில் எந்த நிலையமும் இல்லை. 27 பெயர்களில் அம்பேத்கர் இல்லை. பூலேயும் இல்லை.

ஆனால் இந்தத் தடம் போகும் வழியை மேலே நின்று பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் தலித் அரசியலில் பெரும்பகுதி இதன் மேல்தான் நடந்திருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே போவோம்.

சர்ச்கேட் நிலையத்தில் ஏறிவந்தால் சிடன்ஹாம் கல்லூரி. 1918இல் அம்பேத்கர் அங்கே அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். மகாட் குளத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே தண்ணீர்ச் சண்டை இந்தக் கல்லூரிக்குள் நடந்திருக்கிறது. 1935இல் அதே மனிதர் சர்ச்கேட்டிலேயே உள்ள அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். அடுத்த நிறுத்தம் ஹுதாத்மா சௌக். அதன் அருகே ஃபோர்ட் பகுதியில் சித்தார்த் கல்லூரி, 1946இல் அவருடைய மக்கள் கல்விக் கழகம் தொடங்கியது. ஹுதாத்மா என்றால் தியாகி. ஒன்றுபட்ட மகாராஷ்டிரம் கேட்டுப் போராடி, துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் நினைவாக வைத்த பெயர் அது. அந்தப் போராட்டத்தைத் தெருத்தெருவாகப் பாட்டாகவும் தமாஷாக் கூத்தாகவும் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் அண்ணாபாவ் சாத்தே. மாங் சாதியில் பிறந்த கம்யூனிஸ்ட் பாடகர், காட்கோபர் குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர். தன் 'ஃபகிரா' நாவலை அம்பேத்கரின் எழுத்துக்குக் காணிக்கையாக்கியவர்.

கால்பாதேவி, கிர்காவ் இரண்டையும் வேகமாகக் கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே பழைய சால்களில் வாடகைக்கு இருந்த குடும்பங்கள், எங்களை வெளியே அனுப்பக்கூடாது என்று நின்றார்கள். அதே வட்டாரத்திலேயே புதுக் கட்டடம் கட்டித் தர மெட்ரோ நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதாவது, இருந்த இடத்திலேயே மறுகுடியமர்த்துவது முடியாத காரியம் அல்ல. இதைத் தாராவியில் மறுபடி நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

கிராண்ட் ரோடு, மும்பை சென்ட்ரல் பக்கம் காமாட்டிபுரா. தெலுங்குப் பகுதியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த காமாட்டிகளால் வந்த பெயர். அதை ஒட்டிய கோல்பிட்டா வட்டாரத்தில் வளர்ந்து, டாக்ஸி ஓட்டி, 1972இல் அந்தப் பெயரிலேயே ஒரு கவிதைத் தொகுப்பைப் போட்டு மராத்தி இலக்கியத்தின் முகத்தில் அறைந்தவர் நாம்தேவ் தசால்.

மகாலட்சுமிக்கு வடக்கே பழைய ஆலைப் பகுதி தொடங்குகிறது. இன்று அங்கே பேரங்காடிகளும் கண்ணாடிக் கோபுரங்களும். பஞ்சாலைத் தொழிலாளர் வரலாற்றைப் படிக்கும்போது தோழர்கள் பலரும் 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்குகிறார்கள். நாம் 1928க்குப் போக வேண்டும். அன்று பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாதோர் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள், ஆனால் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவுக்குள் நுழைய முடியாது. காரணம் இதுதான்: நாடாவில் புது நூல் மாட்டும்போது, நூல் நுனியைத் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். எச்சில் படும். அந்த நாடாவை அடுத்து ஒரு மராத்தா தொழிலாளி வாயில் வைக்க நேரிடும். முதலாளி மட்டும் போட்ட தடை அல்ல இது. சக தொழிலாளியும் சேர்ந்து காத்த தடை. 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் கேட்டார். தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். வர்க்கம் பேசும் மேடையில் சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்று இன்றும் நமக்குப் பாடம் எடுக்கும் நண்பர்களுக்கு இந்த நாடாக் கதையை அவசியம் சொல்லுங்கள்.

அடுத்து ஆச்சார்ய அத்ரே சௌக், வொர்லி நாகாவில். பெயர்களைப் பற்றி இவ்வளவு குறை சொன்ன நாம், இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பி.கே. அத்ரே பிராமணர், எழுத்தாளர், 'மகாத்மா பூலே' படத்தை 1954இல் எடுத்தவர். 1956 டிசம்பர் 7 அன்று பாபாசாகேபின் உடல் எரியூட்டப்பட்டபோது அந்தக் கடற்கரையில் இரங்கல் உரை ஆற்றியவர். பட்டியலில் நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் உண்டென்றால் இதுதான்.

அந்த நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பி.டி.டி. சால்கள். 1920களில் பிரிட்டிஷ் அரசின் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டியவை. வொர்லியில் மட்டும் 121 கட்டடங்கள், ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி அறை ஒன்று. தலித், பௌத்தக் குடும்பங்களின் கட்டடங்களும் சாதி இந்துக்களின் கட்டடங்களும் பக்கத்துப் பக்கத்தில். 1972இல் தசால், ஜே.வி. பவார், ராஜா டாலே ஆகியோர் தொடங்கிய தலித் சிறுத்தைகள், 1974 ஜனவரியில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வன்கொடுமைகளைத் தடுக்காத கட்சிக்கு வாக்கு எதற்கு என்பது கேள்வி. ஜனவரி 5 அன்று இந்தச் சால்களுக்கு நடுவே நடந்த கூட்டத்தில் கல் பறந்தது. காவல்துறை யாரை அடித்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாரக்கணக்கில் கலவரம். ஜனவரி 10 கண்டனப் பேரணியில், மாடியிலிருந்து போட்ட அம்மிக்கல் தலையில் விழுந்து பாகவத் ஜாதவ் என்ற இளம் சிறுத்தை இறந்தார். தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. இந்தப் பெயர்தான் பிறகு மதுரைக்கு வந்தது, 1982இல் மலைச்சாமி தமிழகத்தில் அமைப்பாக்கினார், அவருக்குப் பின் திருமாவளவன் பொறுப்பேற்றார். நம் அமைப்பின் பெயரில் உள்ள சிறுத்தை வொர்லியிலிருந்து வந்தது.

தாதர். இங்கே நிலையத்தின் பெயர் வெறும் தாதர். மேலே, கடற்கரையில் சைத்யபூமி. கிழக்கே இந்து காலனியில், அவர் புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு, ராஜகிருகம். அந்த வீட்டை 2020 ஜூலையில் புகுந்து சேதப்படுத்தினார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். ஒவ்வொரு டிசம்பர் 6க்கும் லட்சக்கணக்கானோர் வந்து இறங்குகிற ஊர் இது. பழைய தாதர் ரயில் நிலையத்துக்குச் சைத்யபூமி எனப் பெயர் சூட்டக் கேட்டுப் பல ஆண்டுகளாகக் குரல் எழுகிறது. புதிதாக ஒரு நிலையமே கட்டியபோதும் அது யார் காதிலும் ஏறவில்லை. தாதருக்கு ஒரு பக்கம் சித்திவிநாயக் நிலையம், மறுபக்கம் சீதலாதேவி நிலையம். இரண்டும் கோயில் பெயர்கள். நடுவில் உள்ள நினைவிடத்துக்கு மட்டும் பெயர்ப்பலகையில் இடம் இல்லை.

அடுத்தது தாராவி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் தோல் பதனிட வந்து குடியேறிய சதுப்பு நிலம். 'காலா' பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இங்கே நிலைமை தாதருக்கு நேர் தலைகீழ். பலகையில் பெயர் இருக்கிறது. ஆட்கள் இருப்பார்களா என்பதுதான் கேள்வி. அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்து செய்யும் மறுசீரமைப்பில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பள நிலங்கள் வரை அதற்காகக் கேட்கப்பட்டிருக்கின்றன. சென்னையில் கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். தாராவிக்கு அடுத்த நிறுத்தம் பாந்த்ரா–குர்லா வளாகம்: வங்கித் தலைமையகங்கள், வைரச் சந்தை. இடையில் மித்தி ஆறு, அதன் அடியில் சுரங்கம். அந்த ஒற்றை நிறுத்தத் தூரத்தில்தான் தாராவி நிலத்தின் விலை இருக்கிறது. கிர்காவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தடத்தைத் தோண்ட 17 இயந்திரங்கள் இறங்கின. கிருஷ்ணா, கோதாவரி, தாபி, வைதரணா, தான்சா என்று ஆறுகளின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். வைதரணாவும் தான்சாவும் மும்பைக்குக் குடிநீர் தருபவை. அந்த அணைகளைச் சுற்றியுள்ள ஆதிவாசிக் கிராமங்களில் கோடையில் பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் நடக்கிறார்கள்.

விமான நிலையம், மரோல், சீப்ஸ் எல்லாம் தாண்டி 27ஆவது நிறுத்தம் ஆரே. ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் பணிமனை இங்கேதான். வார்லி ஆதிவாசிகளின் பாடாக்கள், அதாவது குடியிருப்புகள், இருக்கும் காடு. 2019இல் அரசுக் கணக்கில் அது காடாகவே இருக்கவில்லை, பால்பண்ணை நிலம். 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே மரம் வெட்டத் தொடங்கினார்கள். தடுக்கப் போன 29 பேர் கைது. 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது இரண்டாயிரத்துக்கும் மேல் வெட்டியாகிவிட்டது. ஓர் அரசு பணிமனையைக் காஞ்சூர்மார்க்குக்கு மாற்றியது, அடுத்த அரசு 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. 84 மரங்களுக்கு அனுமதி வாங்கிவிட்டுக் கூடுதலாக வெட்ட முயன்றதற்காக 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மெட்ரோ நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. 37,276 கோடியில் 10 லட்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணிமனைக்காக இடம்பெயர்க்கப்பட்ட ஆதிவாசிக் குடியிருப்பின் பெயர் பிரஜாப்பூர் பாடா. நெல்லும் காய்கறியும் விளைவித்தவர்கள் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஆரேவோடு இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது. அது பக்கத்தில் போகும் ஜோகேஸ்வரி–விக்ரோலி இணைப்புச் சாலையின் பெயர்.