உத்தரமேரூர்ச் சபையும் அதன் வாரியங்களும்

ஒரு சபை தன் பணிகளைச் சிலரிடம் பகுத்து ஒப்புவித்த பின்னரும், அப்பணிகளின்மீது தன் ஆணை குன்றாதிருக்கச் செய்தல் எளிதன்று. ஒப்புவியாதொழியின் பணி நடவாது; ஒப்புவித்து வாளாவிருப்பின் பொதுப்பொருள் தனியார் கைப்படும். திருக்கோயில் அறங்களை நடத்துவோர் இவ்விடர்ப்பாட்டினை நன்கறிவர். முன்னோர் இதற்குக் கண்ட வழியொன்று உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளது. வைணவக் கோயிற் கல்வெட்டாயினும், சைவ அறநிலையங்களை ஆராய்வார்க்கும் அது பெரிதும் பயன்படுவதாம்.

தில்லையம்பலத்தைப் பொன்வேய்ந்தவன் எனச் செப்பேடு போற்றும் முதற் பராந்தக சோழனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919), பதினான்காம் ஆட்சியாண்டிலும் (921) அவ்வூர் மகாசபையார் இரண்டு வியவஸ்தைகள் செய்தனர். அரசனாணை பெற்ற அதிகாரி இருமுறையும் உடனிருந்தார். முன்னதில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதெல்லை பின்னதில் 35 முதல் 70 வரை என்றாயிற்று. வேறு விதிகளும் விரிந்தன. இரண்டே ஆண்டில் இவ்வாறு திருத்த நேர்ந்தமையின், முதல் ஏற்பாடு போதாதாயிற்று என்று கொள்ளுதலே பொருத்தமாம்.

சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர் பன்னிருவராகவும், ஏரி வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் அறுவர் அறுவராகவும் அமைத்தனர். முப்பது குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டனர். சபையார் இளையோரும் முதியோரும் எஞ்சாமல் கூடியிருக்க, சூதறியாச் சிறுவனொருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் வாசிப்பர். கையில் வேறோலை மறைத்தல் இயலாதன்றோ! இதனை இக்காலத்துத் தேர்தலெனப் புகழ்வார் உளர். அது பொருந்தாது. இது திருவுளச்சீட்டுப் போல்வதேயன்றி வாக்களிப்பன்று. அன்றியும், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையார்க்கே ஓலையில் இடமுண்டு. நிலம் அரைக்கால் வேலியே உடையாராயின் கல்வி மிகுதியாக வேண்டப்பட்டது. பிரமதேயச் சபையாதலின், ஊரிலுள்ளார் பெரும்பாலார்க்கு அதன்கண் இடமில்லை.

எனினும் வாரியத்தாரைச் சபை தன் கைக்குள் வைத்திருந்த முறை வியக்கத்தக்கது. வாரியம் 360 நாளே. ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் புகலாகாது. குற்றம் காணப்பட்டவன் காலம் நிரம்பும்வரை பொறுக்கப்படான், அப்பொழுதே நீக்கப்படுவான். இவற்றினும் வலியது கணக்குப்பற்றிய விதி. எவ்வகை வாரியமேனும் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் குடத்தில் இடப்படாது. அவனுடைய தந்தை, மகன், மருமகன், தாயுடன் பிறந்தான், சிற்றன்னை பேரன்னை மக்கள் முதலாயினார் பெயரும் இடப்படா. ஒருவன் பிழைக்குச் சுற்றத்தாரை விலக்குதல் கொடிதெனத் தோன்றலாம். ஆயினும், தான் விலகித் தன் மைத்துனனைப் புகுத்திப் பழங்கணக்கை மூடும் சூழ்ச்சியை இவ்விதி அடைத்தது என்பதே எம் கருத்து. கழிந்தகாலக் கணக்கைக் கேட்பவன் அக்கணக்கிற்கு உறவினனாயிருத்தல் எங்ஙனம் தகும்?

கணக்கன் நிலையும் இத்தகையதே. நேரிய வழியில் ஈட்டிய பொருளுடையானே கணக்கெழுதுதற்குரியன். தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிச் சபையாரிடம் காட்டிச் சுத்தன் எனப்பட்ட பின்னரேயன்றி அவன் மீண்டும் கணக்கிற் புகப்பெறான். அக்கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதனை முடித்தல் கூடாது. ஏரியைக் காக்கும் வேலையும் பொன்னை நோக்கும் வேலையும் வாரியத்தாருடையன. அவர்தம் கணக்கு முடிந்ததென்று சொல்லும் உரிமையோ சபையினுடையது. வாரியத்தார் காலங்கழிந்து ஒழிந்தபின், பன்னிரண்டு சேரியிலும் அறச்செயல்களைக் கண்காணிக்கும் வாரியரே மத்தியஸ்தனைக் கொண்டு மீண்டும் குறி கூட்டுவித்தனர்.