திரையில் மிஸ் மார்ப்பிள்

அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் போலீஸ்காரர் அல்ல. காசு வாங்கித் துப்பறிபவரும் அல்ல. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் கம்பளிநூல் பின்னியபடி ஊர்ப்பேச்சைக் காதில் வாங்கும், மணமாகாத மூதாட்டி. 1927இல் ஒரு சிறுகதையில் தலைகாட்டி, 1930இல் முதல் நாவலுக்கு வந்தவர். அவரைக் கொண்டு எழுதப்பட்ட நாவல்கள் 12. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆளை எடைபோடுவது அவர் வழக்கம். படம் எடுக்க வந்தவர்களைத் திணறடித்ததும் அதுதான்.

1961இல் எம்.ஜி.எம். நிறுவனம் 'மர்டர், ஷி செட்' படத்தை வெளியிட்டது. இயக்கியவர் ஜார்ஜ் பொல்லாக். கதைக்கு மூலம் '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவல். இரண்டு ரயில்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அடுத்த ரயிலின் ஜன்னல் திரை சட்டென்று மேலேறுகிறது. ஒரு ஆணின் முதுகு. அவன் பிடியில் ஒரு பெண்ணின் கழுத்து. நாவலில் இதைப் பார்ப்பவர் மார்ப்பிளின் தோழி. பிணத்தைத் தேட மாளிகையில் வேலைக்குச் சேர்பவள் லூசி என்ற இளம்பெண். படத்தில் இருவர் வேலையையும் மார்ப்பிளே செய்கிறார். அந்த வேடத்தில் நடித்த மார்கரெட் ரதர்ஃபோர்டுக்கு அப்போது எழுபதை நெருங்கிய வயது. நாவலில் இல்லாத ஸ்டிரிங்கர் என்ற துணைவரும் முளைத்தார். அவராக நடித்தவர் ரதர்ஃபோர்டின் கணவர் ஸ்டிரிங்கர் டேவிஸ்.

அடுத்த இரு படங்களும் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான புவாரோ துப்பறியும் நாவல்களை மார்ப்பிளுக்கு மாற்றிக்கொண்டவை. 1964இல் வந்த நான்காவது படமான 'மர்டர் அஹாய்'க்கு நாவலே கிடையாது. அதில் மார்ப்பிள் வாள் சுழற்றுகிறார். கிறிஸ்டிக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் 1962இல் வெளியான மார்ப்பிள் நாவலை ரதர்ஃபோர்டுக்கே காணிக்கையாக்கினார். அந்த நடிகையின் துள்ளலும் முகபாவமும் இன்றும் அலுக்காதவை. ஆனால் திரையில் நிற்பவர் கிறிஸ்டியின் மார்ப்பிள் அல்ல.

ரதர்ஃபோர்டுக்குக் காணிக்கையான அந்த நாவல் 1980இல் 'த மிரர் கிராக்ட்' என்று படமானது. ஏஞ்சலா லான்ஸ்பரி மார்ப்பிளாக நடித்தும், எலிசபெத் டெய்லர், ராக் ஹட்சன் போன்ற நட்சத்திரக் கூட்டத்தில் அவர் மறைந்துபோனார்.

மூதாட்டியின் நிதானத்துக்கு இடம் கொடுத்தது தொலைக்காட்சி. 1984 முதல் 1992 வரை பிபிசி 12 நாவல்களையும் எடுத்தது. ஒவ்வொன்றிலும் ஜோன் ஹிக்சனே மார்ப்பிள். 1961 படத்தில் மாளிகை வேலைக்காரியாக வந்து போனவர் இவர்தான். இவர் ஒருநாள் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று 1940களிலேயே கடிதம் எழுதியவர் கிறிஸ்டி. அது நிறைவேறியதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1976இல் காலமாகிவிட்டார்.

2003இல் ரிதுபர்ணோ கோஷ் அதே 'மிரர்' நாவலைத் தழுவி, 'சுபோ மஹரத்' என்ற பெயரில் வங்காளத்தில் படமாக்கினார். மார்ப்பிள் அங்கே ராங்கா பிஷிமா, அதாவது அத்தை. வெளியுலகச் செய்தியைப் பத்திரிகையாளரான உறவுப்பெண் கொண்டுவந்து சேர்க்க, பெரும்பாலும் வீட்டைவிட்டு நகராமலே முடிச்சை அவிழ்க்கிறார். அந்த வேடத்துக்காக ராக்கிக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.