இரண்டு மலைகளும் ஒரு சூரியனும்: பொங்கல் வாழ்த்து அட்டை குறித்து

வாழ்த்து தமிழிலக்கணத்துக்குப் புதிய பொருளன்று. வணங்கும் தெய்வம் காக்கக் குடி தழைக்க என்று கூறுவதைப் புறநிலை வாழ்த்து என்றும், கசக்கும் மருந்தைப் போல முதலில் கடுத்துப் பின்னர் நலம் தரும் அறிவுரையை வாயுறை வாழ்த்து என்றும் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துப் பேசுகிறது. ஆனால் அட்டையில் படம் வரைந்து, அதன்கீழ் நான்கு வரி எழுதி, உறையிலிட்டு அனுப்பும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது.

1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு கழித்து, 1843இல், ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றை வரைவித்தார். ஆயிரம் படிகள் அச்சாயின. ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங். குடும்ப விருந்தில் குழந்தையும் மது அருந்துவதாகப் படத்தில் காட்டியது அந்நாளில் கண்டனத்துக்குள்ளானது. இங்கே நம் கடலூரைச் சிறிது நினைத்துப் பார்க்கலாம். கீர்நாந்தர் என்னும் சுவீடன் நாட்டுப் போதகர் 1740இலேயே கடலூருக்கு வந்து பணியாற்றத் தொடங்கிவிட்டார். அட்டை பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே இவ்வூரில் கிறிஸ்துமஸ் வழிபாடு நடந்திருக்கிறது. பண்டிகை பழையது, அட்டையோ அச்சகமும் அஞ்சலகமும் கூடிப் பெற்ற பிள்ளை. இந்தியாவில் காலணா அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்றுதான் வெளிவந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பொங்கல் தமிழர் திருநாளாக முன்னிறுத்தப்பட்டபோது இவ்வழக்கம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. திராவிட இயக்க இதழ்கள் பொங்கல் மலர்கள் வெளியிட்டன. சிவகாசி அச்சகங்கள் வண்ண அட்டைகளை அச்சிட்டுக் குவித்தன. மார்கழி பிறந்ததும் கடைத்தெருவில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பசுவும் கன்றும், உழவரும் ஏரும், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஒரே கயிற்றில் ஆடுவார்கள். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்றெழுதிக் குறைந்த அஞ்சல்தலையில் அனுப்பிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

அந்த அட்டையையும் விலை கொடுத்து வாங்க இயலாத வீடுகள் பல. அங்கேதான் பிள்ளைகளின் கைவேலை தொடங்கியது. அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கல் வரும் வரையிலான நாள்கள் அதற்கு வாய்த்தன. கல்யாணப் பத்திரிகையின் எழுதாத பக்கம் அட்டையாகும். மைதா மாவைக் காய்ச்சினால் பசையாகும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் பூவாகும். மையில் நனைத்த நூலை மடித்த தாளுக்குள் வைத்து இழுத்தால் யாரும் திட்டமிடாத ஓர் உருவம் விரியும். ஓரத்தில் சிறிது ஜிகினாத் தூள். அஞ்சல்தலைக்குக் காசில்லாதபோது பிள்ளையே தெருத்தெருவாகச் சென்று நேரில் கொடுத்துவிடும்.

நேரில் கொண்டுசேர்க்கும் மடலுக்குச் சிதம்பரத்தில் ஒரு பழைய மரபுக்கதையும் உண்டு. விறகு சுமந்து பிழைத்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை தருமாறு தில்லைப் பெருமானே சீட்டுக்கவி எழுதி, அதை அவரிடமே கொடுத்துக் கொற்றவன்குடி உமாபதி சிவத்திடம் அனுப்பினார் என்பது அக்கதை. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே செல்ல ஓர் ஓலை வழிசெய்தது என்று அதை நாம் படிக்கலாம். கையெழுத்து மடலின் மதிப்பை அறிந்த ஊர் இது.

ஆயினும் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு எழுகிறது. பெரும்பாலும் ஒரே காட்சி: இரண்டு மலைகள், நடுவே எழும் சூரியன், கீழே பொங்கற்பானை, இருபுறமும் கரும்பு. நம் வட்டாரத்தில் சூரியன் எந்த மலையிடையிலிருந்து எழுகிறது? கடலூருக்கு மேற்கே கேப்பர் மலை இருக்கிறது. அது சூரியன் சாயும் பக்கம். கிழக்கே இருப்பது கடல். தேவனாம்பட்டினத்துப் பிள்ளையும் கிள்ளைப் பிள்ளையும் நாள்தோறும் காண்பது நீரிலிருந்து எழும் சூரியனை. எனினும் தாளை எடுத்ததும் கை மலையைத்தான் போடுகிறது. அச்சிட்ட அட்டையும் தேர்தல் சுவரெழுத்தும் பாடநூலும் பழக்கிய கை அது. தில்லைக்குப் பெயர் தந்த தில்லை மரம் இன்றும் பிச்சாவரத்தில் நிற்கிறது. நாம் கண்ட அட்டை எதிலும் அது இல்லை.

இதைப் பிள்ளைகளின் குறையாக நாம் கூறவில்லை. பார்த்து வரையச் சொன்னவர்கள் பெரியவர்கள். மேலும், இவ்வூரில் கடலை வரைவது எப்போதும் எளிதாக இருந்ததுமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. பத்தொன்பதாம் நாள் பொங்கல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்து பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. பதினாறாம் நாள் பொங்கல். நம் அட்டைக் காலமும் புயற்காலமும் அடுத்தடுத்து வருபவை. அத்தகைய ஆண்டில் ஒரு பிள்ளை தன் தெருவை உள்ளவாறு வரைந்து, அதன்கீழ் 'பொங்கலோ பொங்கல்' என்றெழுதினால், அது தொல்காப்பியர் கூறிய இரு வாழ்த்துகளுக்கும் ஒருங்கே உரியதாகும்.

யுனிசெப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டை 1949இல் வெளிவந்தது. அதன் ஓவியம், போரால் நலிந்த செக்கோஸ்லோவாக்கியாவில் ஏழு வயதுச் சிறுமி யிட்கா சாம்கோவா வரைந்தது. தாள் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் தீட்டினாள் என்பர். கம்பத்தைச் சுற்றி ஆடும் சிறுவர்களே படம். தன் ஊர் ஆட்டத்தைக் கையிலிருந்த பொருளில் தீட்டிய அப்படம் உலகெங்கும் சென்றது.

இன்று வாழ்த்து கைப்பேசியில் வருகிறது. வந்த படமே மறுபடி வேறொரு குழுவுக்குப் போகிறது. ஒரே படம் ஊரெல்லாம் சுற்றுவது சிவகாசிக் காலத்திலேயே தொடங்கிய வழக்கம் என்பதால், கைப்பேசியை மட்டும் பழிப்பதில் பயனில்லை. வரும் அரையாண்டு விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார வாய்ப்புள்ளோர், மாதிரிப் படம் எதையும் காட்டாதிருக்கலாம். விடியலில் அவர்களைச் சில்வர் பீச்சுக்கோ வயல் வரப்புக்கோ அழைத்துச் சென்று, சூரியன் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கலாம். அட்டையின் பின்புறம் பிள்ளையின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைக்கலாம். பழைய பெட்டிகளில் கிடக்கும் அட்டைகளில் நமக்குக் கிடைக்காமற்போனவை அந்த மூன்றும்தான்.